எனக்கு மூச்சை இழுங்க, சென்யோரா

டெக்சாஸின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றோரம், ஸ்பானிய மொழியில் வைத்தியம் பார்க்கும் டாக்டர் நோயாளியிடம் வெறுமனே "மூச்சை இழுங்க" என்று சொல்லமாட்டார். "ரெஸ்பீரெமே ஓந்தோ" என்பார். எனக்கு நல்லா மூச்சை இழுங்க என்று அதற்குப் பொருள். வாயைத் திறக்கச் சொல்லும்போதும் எனக்குத் திறங்க. கையை உயர்த்தச் சொல்லும்போதும் எனக்குத் தூக்குங்க. மாத்திரையைப் பாதியில் விடக் கூடாது என்று எச்சரிக்கும்போதுகூட எனக்கு விட்டுடாதீங்க. இலக்கணப்படி அந்த 'எனக்கு'வுக்கு அங்கே வேலை இல்லை. அது இல்லாமலே வாக்கியம் முழுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எடுத்துவிட்டால் மிஞ்சுவது கட்டளை மட்டும். அது இருக்கும்போது, உங்கள் மூச்சில் எனக்கும் பங்கிருக்கிறது, நீங்கள் மாத்திரையை விட்டால் எனக்கும் வலிக்கும் என்று ஆகிவிடுகிறது.

எனக்கு வேலைக்கு உதவிய ஸ்பானியம் இந்த 'எனக்கு'விலிருந்துதான் தொடங்கியது. சொல்லிக்கொடுத்தவர் எங்கள் கிளினிக்கின் உதவியாளர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தமௌலிபாஸ் மாநிலத்தில் பிறந்தவர். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் விற்கும் 'மருத்துவ ஸ்பானியம்' புத்தகங்களில் உறுப்புகளின் பெயர், வலியின் வகை, கேள்விகளின் பட்டியல் எல்லாம் இருக்கும். ஒரு பாட்டியிடம் கோக்கை விடச் சொல்வது எப்படி என்பதைக் கிளினிக்கில் நின்று காது கொடுத்துத்தான் கற்க வேண்டியிருந்தது.

மதுரையில் எம்.பி.பி.எஸ். படித்து, அமெரிக்காவில் பொது மருத்துவத்தில் பயிற்சி பெற்ற என்னைப் போன்றவர்கள் இந்த எல்லையோர ஊர்களுக்கு வந்து சேர்வதற்கு ஒரு சட்டம் காரணம். ஜே-1 விசாவில் வரும் வெளிநாட்டு டாக்டர்கள் பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டுக்குத் திரும்பியாக வேண்டும். டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று ஆண்டுகள் வேலை பார்க்க ஒப்புக்கொண்டால் அந்த நிபந்தனை விலகும். செனட்டர் கென்ட் கான்ராட் முயற்சியில் 1994-ல் வந்த ஏற்பாடு இது. இப்போது ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு 30 இடங்கள். அப்படித்தான் ஹிடால்கோ கவுன்டிக்கு வந்தேன். மெக்காலன், எடின்பர்க், ஃபார், வெஸ்லகோ என்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஹிஸ்பானியர்கள். வெங்காய வயல்கள், கிரேப்ஃபுரூட் தோட்டங்கள், ஊருக்கு வெளியே நல்ல சாலையும் கழிவுநீர் வசதியும் பல இடங்களில் இன்னும் வந்து சேராத கொலோனியா குடியிருப்புகள். சர்க்கரை நோய் இங்கே பெரும்பாலான குடும்பங்களில் உண்டு. பக்கத்து ஸ்டார் கவுன்டியில் மெக்சிக அமெரிக்கர்களின் நீரிழிவைப் பற்றி 1980களிலிருந்து ஆய்வு நடந்துவருகிறது.

இப்படிப்பட்ட ஊரில் டாக்டரின் வேலையில் பெரும்பகுதி புத்தி சொல்வதுதான். சோடாவைக் குறை, மாவு டொர்தீயா ரொட்டியைக் குறை, இன்சுலின் போடு, இரவில் காலைத் தடவிப் பார். எல்லாம் அடுத்தவர் வீட்டு அடுப்படிக்குள் போகிற பேச்சு. அனுமதி கேட்காமல் யார் வீட்டு அடுப்படிக்குள்ளும் போக முடியாது.

அனுமதி முதலில் 'உஸ்தெத்'தில் இருக்கிறது. ஸ்பானியத்தில் நீ 'தூ', நீங்கள் 'உஸ்தெத்'. நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்து, பள்ளியில் ஸ்பானியம் கற்ற இளம் டாக்டர்கள் எழுபது வயதுப் பெண்ணைத் 'தூ' என்று அழைத்துவிடுவார்கள். அந்த அம்மா முகத்தில் எதையும் காட்டமாட்டார். அடுத்த முறை வரமாட்டார், அவ்வளவுதான். தோன்யா என்ற மரியாதைச் சொல்லைப் பெயருக்கு முன்னால் சேர்த்து அழைத்து, பேரன் பள்ளியில் எப்படி, மகள் ஹூஸ்டனிலிருந்து வந்தாளா என்று கேட்ட பிறகுதான் ரத்தப் பரிசோதனைத் தாளை எடுக்க வேண்டும். ஒரு நோயாளிக்குப் பதினைந்து நிமிடம் என்று கணக்கிடும் நிர்வாகத்துக்கு இது வீண் நேரமாகத் தெரியும். என் அனுபவத்தில் இந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்காத டாக்டர் மீதிப் பதின்மூன்று நிமிடத்தையும் இழக்கிறார்.

அடுத்தது 'நாம்'. "வாமோஸ் அ பஹார்லே அல் ரெஃப்ரெஸ்கோ." சோடாவைக் கொஞ்சம் குறைப்போம். டாக்டர் சோடா குடிப்பவர் இல்லை. குறைக்கப்போவது நோயாளி ஒருவர்தான் என்பது இருவருக்கும் தெரியும். இருந்தும் குறைப்போம் என்றுதான் சொல்ல வேண்டும். நம் ஊர் டாக்டர்களும் "சாப்பாட்டுல கொஞ்சம் உப்பைக் கொறச்சுக்குவோமா" என்பார்கள்.

பிறகு வினைச்சொற்களில் ஒரு படிக்கட்டு. மேல்படியில் 'தெபே', அதாவது செய்தே ஆக வேண்டும். ஒரு படி கீழே 'தெபெரீயா', செய்வது நல்லது. இன்னும் கீழே 'லே கொன்வெந்த்ரீயா', உங்களுக்கு அது தோதாக இருக்கும். அதற்கும் கீழே 'யோ கே உஸ்தெத்'. நான் உங்கள் இடத்தில் இருந்தால். மதுரையில் பக்கத்து வீட்டு அத்தை "நானா இருந்தா என்ன பண்ணுவேன் தெரியுமா" என்று ஆரம்பிப்பார்களே, அதேதான். நல்ல எல்லையோர டாக்டர் கீழ்ப்படியில் தொடங்கி, முகத்தைப் பார்த்துக்கொண்டே, தேவைப்பட்டால் மட்டும் ஒவ்வொரு படியாக ஏறுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலை குடும்பமே கூடி பார்பக்கோவா இறைச்சியை டொர்தீயாவில் சுருட்டித் தின்னும் வீட்டில் 'தெபே' எதுவும் எடுபடாது. "ஞாயிற்றுக்கிழமை பார்பக்கோவா அப்படியே இருக்கட்டும். டொர்தீயா மட்டும் மூன்றுக்குப் பதில் இரண்டாக இருந்தால் உங்களுக்குத் தோதாக இருக்கும்" என்றால் எடுபடும்.

இந்த மென்மை ஒருவழிப் பாதை அல்ல. நோயாளிகளும் டாக்டரிடம் செய்தியை மெத்தையில் வைத்துத்தான் தருகிறார்கள். "ஃபீஹெஸே கே" என்று ஒரு பேச்சு தொடங்கினால் நான் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். இதைப் பாருங்களேன் என்பதுபோல ஒரு தொடக்கம் அது. பின்னால் வருவது பெரும்பாலும் கெட்ட செய்தி. ஃபீஹெஸே கே மருந்து தீர்ந்துபோச்சு. ஃபீஹெஸே கே மறந்துபோச்சு. நான் மருந்து வாங்கவில்லை, நான் மறந்தேன் என்று யாரும் சொல்வதில்லை. 'செ மே ஒல்விதோ' என்ற அந்த வாக்கியத்தில் மறப்பது மனிதர் அல்ல. மருந்து தானாக மறந்துபோய்விடுகிறது, அதுவும் எனக்கு மறந்துபோய்விடுகிறது. ஆங்கிலத்தில் மட்டும் கேட்டுப் பழகிய சக டாக்டர்கள் இதைப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாக நினைத்துச் சலித்துக்கொள்வதுண்டு. தமிழ்க் காதுக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. பழியை நடுவில் வைக்காமல் நடந்ததைச் சொல்ல ஒரு வழி அது. அந்த வழியை அடைத்துவிட்டால் நடந்ததே வெளியே வராது. மருந்து ஏன் தீர்ந்தது என்று அதே மென்மையுடன் கேட்டால், காப்பீடு இல்லாதது வரும், மகன் வேலை இழந்தது வரும், பாலத்தைத் தாண்டி மெக்சிகோவின் நுவேவோ ப்ரோக்ரெசோவில் விலை குறைவாக வாங்கிய மாத்திரை வரும்.

மருத்துவர் சொல்வதற்கெல்லாம் "சி, தொக்தோரா" (சரிங்க, டாக்டர்) என்று வரும் பதிலையும் இப்படித்தான் கேட்கப் பழக வேண்டும். அது பல நேரம் சம்மதம் அல்ல, மரியாதை. படித்தவர் முன்னால் மறுத்துப் பேசக் கூடாது என்று வளர்ந்தவர்களின் பதில்.

இன்சுலின் பேச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மென்மை எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கக் கூடாது என்பது அங்கேதான் எனக்குப் புரிந்தது. வெங்காயம் தரம் பிரிக்கும் கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் நின்ற ஓர் அம்மா. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி அளவு 11-ஐத் தாண்டியிருந்தது. பெரும்பாலோருக்கு நாங்கள் வைக்கும் இலக்கு 7-க்குள். மாத்திரைகள் போதாது என்ற கட்டம். இன்சுலின் என்றதும் அவர் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

"என் அக்கா இன்சுலின் போட்டாள், தொக்தோரா. கண் போயிருச்சு."

இந்த நம்பிக்கை இங்கே பரவலாக உண்டு. மடமை என்று ஒதுக்கினால் தவறு. இன்சுலினை எல்லாரும் கடைசிவரை தள்ளிப்போட்டார்கள், டாக்டர்களும் தள்ளிப்போட்டார்கள். போட ஆரம்பிக்கும்போது விழித்திரை ஏற்கெனவே சேதமாகியிருந்தது. ஊசிக்குப் பிறகு கண் போனதைத்தான் ஊர் பார்த்தது. பார்த்தது உண்மை. காரணம்தான் வேறு.

"உங்க பயம் நியாயம்தான், சென்யோரா" என்றேன். "அக்காவுக்கு அப்படி நடந்ததைப் பார்த்திருந்தா எனக்கும் பயமாத்தான் இருக்கும். நான் ஊசி போடுங்கன்னு சொல்ல வரலை. கொஞ்சம் பேசலாம்னுதான்." பேசுவதற்கு அங்கே 'ப்ளாத்திகார்' என்பார்கள், திண்ணைப் பேச்சு மாதிரி, அவசரமில்லாதது. அக்காவுக்கு எத்தனை வருடம் சர்க்கரை இருந்தது, எப்போது ஊசி ஆரம்பித்தார்கள், அதற்கு முன்னால் கண் மருத்துவரைப் பார்த்தாரா என்று கேட்டேன். பதில்களை அவரே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். சொல்லிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தி, "அப்ப ஊசி வர்றதுக்கு முன்னாடியே கண்ணு மங்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றார். அதை நான் சொல்லியிருந்தால் ஒரு "சி, தொக்தோரா" கிடைத்திருக்கும்.

தனக்குச் சர்க்கரை வந்தது, கணவர் விபத்தில் அடிபட்ட இரவு ஏற்பட்ட 'சூஸ்தோ'வால் என்றும் சொன்னார். பயத்தில் வரும் அதிர்ச்சி. நான் மறுக்கவில்லை. அதிர்ச்சியில் சுரக்கும் ஹார்மோன்கள் ரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. உள்ளே இருந்த நோயை அந்த இரவு எழுப்பிவிட்டிருக்கலாம் என்றேன். அதற்குமேல் அதைப் பற்றி வாதாட ஒரு மருத்துவருக்கு என்ன அவசியம்?

இதுவரை எல்லாமே மென்மை. அவர் "சரி, கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம்" என்ற கணத்தில் நான் குரலை மாற்றினேன். 'கொஞ்சம்' என்ற சொல்லை அத்தோடு நிறுத்தினேன். "பத்து யூனிட். எட்டும் இல்லை, பன்னிரண்டும் இல்லை. பத்து. தினமும் ராத்திரி, படுக்கப் போகும்போது." தேதி, அளவு, நேரம் மூன்றையும் ஸ்பானியத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் என்ன செய்வது என்பதை நேரடிக் கட்டளையாகச் சொன்னேன். உடனே அரைக் கிளாஸ் ஜூஸ் குடிங்க, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்க. கடைசியில் மறுபடி மென்மைக்குத் திரும்பினேன். புரிந்ததா என்று கேட்கவில்லை. அது நோயாளிக்கு வைக்கும் பரீட்சை. நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும், வீட்டுக்குப் போய் மகளுக்கு எப்படிச் சொல்வீங்க என்று கேட்டேன். பரீட்சை என் பக்கம் வந்துவிட்டது. அவர் மகளுக்குச் சொல்வதுபோல் முழுவதையும் சொன்னார். பத்து யூனிட் சரியாக வந்தது.

மென்மை மனிதருக்கு உரியது. எண்ணுக்கும் ஆபத்துக்கும் உரியது அல்ல. இதைக் கலந்துவிட்டதன் விலையையும் நான் பார்த்திருக்கிறேன். ஸ்பானியத்தில் எதையும் சிறிதாக்கிச் சொல்ல ஒரு விகுதி இருக்கிறது. மாத்திரை 'பஸ்தீயா', சின்ன மாத்திரை, செல்ல மாத்திரை 'பஸ்தியீத்தா'. ஊசிக் குத்து 'பிக்கெத்தீத்தோ' ஆகிவிடும். குழந்தைக்குத் தடுப்பூசி போடும்போது இதைவிட நல்ல சொல் இல்லை. ஆனால் வேறெங்கோ வருடக்கணக்கில் வைத்தியம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் காலில் ஆறாத புண்ணோடு எங்களிடம் வந்தார். அவருக்குச் சர்க்கரை இருப்பதாக யாருமே சொல்லவில்லையா என்று கேட்டபோது, "சொன்னாங்க, உன் போக்கீத்தோ அல்தீத்தா" என்றார். கொஞ்சூண்டு கூடியிருக்கு. ஒவ்வொரு வருகையிலும் அதே அன்பான சொல். கொஞ்சூண்டு கூடியிருப்பதற்கு யார் பயப்படுவார்கள்? இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. அந்த டாக்டர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன். ஆனாலும் அது அன்பு அல்ல, தகவலை மறைத்தது.

அதேபோல் 'அஓரீத்தா'. இப்போது என்பதன் செல்ல வடிவம். மெக்சிக வழக்கில் அது இந்த நொடியாகவும் இருக்கலாம், சாயங்காலமாகவும் இருக்கலாம். மார்பு வலியோடு தொலைபேசியில் அழைப்பவரிடம் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. 'அஓரா மீஸ்மோ', இந்த நிமிடமே, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அங்கே உஸ்தெத் மட்டும் போதும், மற்ற மரியாதைகளுக்கு நேரமில்லை. மருந்துச் சீட்டு இன்னொரு கண்ணி. டப்பாவில் ஆங்கிலத்தில் தினம் 'ஒன்ஸ்' என்று அச்சாகியிருந்தால், அதே எழுத்துகள் ஸ்பானியக் கண்ணுக்கு 'ஓன்சே', பதினொன்று. ஒரு முறை போட வேண்டியதைப் பதினொன்றாகப் படிக்க முடியும் என்பதால் நான் ஒவ்வொரு டப்பாவையும் கையில் வாங்கிப் பார்ப்பேன்.

ஸ்பானியம் பேசாத டாக்டருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். வீடியோத் திரையில் வருபவர்களில் மிகத் திறமையானவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் டாக்டரின் தொனியையும் சேர்த்துக் கொண்டுபோகிறார்கள். சிலர் நேரத்தை மிச்சப்படுத்துவார்கள். "சோடாவைக் குறைப்பது பற்றி நீங்கள் யோசித்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்" என்று டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னது "சோடாவை விடணுமாம், டாக்டர் சொல்றாங்க" என்று போய்ச் சேரும். கருத்து அதுதானே என்று வாதிடலாம். ஆனால் போய்ச் சேர்ந்தது அறிவுரை அல்ல, உத்தரவு. வீட்டுக் குழந்தைகளைப் பேசவைப்பது இதைவிட மோசம். பத்து வயதுப் பெண் தன் பாட்டியிடம் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று எப்படிச் சொல்வாள்? சொல்லமாட்டாள், அல்லது மெத்தை இல்லாமல் அப்படியே போட்டு உடைப்பாள். அவசர நிலையைத் தவிர சிறுவர்களை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்பது ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதி. ஆங்கிலம் அறியாதவர்களுக்கான சேவைகளைப் பற்றி 2000-ல் அதிபர் கிளின்டன் பிறப்பித்த ஆணையை 2025 மார்ச்சில் ரத்து செய்துவிட்டார்கள். நோயாளிக்குப் புரியும் மொழியில் வைத்தியம் என்பது ஒரு சலுகை என்ற எண்ணம் வலுத்துவருவது எனக்குக் கவலை தருகிறது.

ஸ்பானியம் என்று ஒரே மொழியாகப் பேசினாலும் ஊருக்கு ஊர் இது மாறும். ஸ்பெயினில் டாக்டரின் பேச்சு நேரடியாக இருக்கும். அங்கிருந்து வந்த ஒருவரை எங்கள் நோயாளிகள் கோபக்காரர் என்றே நினைத்தார்கள். கொலம்பியாக்காரர்கள் கையெழுத்துக் கேட்கும்போதுகூட எனக்கு ஒரு கையெழுத்தைப் பரிசாகக் கொடுங்களேன் என்பார்கள். ஆகவே நான் எழுதியது எல்லாம் எல்லையோர மெக்சிக வழக்குக்கு மட்டும் பொருந்தும்.

பேச்சின் இந்த மென்மையை மொழியியலில் முறையாக ஆராய்ந்த பெரிய நூல் பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் எழுதியது. 1978-ல் நீண்ட கட்டுரையாக வந்து, 1987-ல் தனி நூலானது. அறிவுரை சொல்வது கேட்பவரின் முகத்தை, அதாவது தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் அவருடைய உரிமையை, உரசிப் பார்க்கிற செயல் என்றும், அந்த உரசலைக் குறைக்க எல்லா மொழிகளும் ஏறத்தாழ ஒரே உத்திகளைக் கையாளுகின்றன என்றும் அவர்கள் வாதிட்டார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிகோவின் சியாபாஸ் மலைகளில் பேசப்படும் மாயன் மொழிக் குடும்பத்துச் செல்தால், கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் தமிழ். எடின்பர்க் நகர நூலகத்தில் அதைப் படித்தபோது, நான் கிளினிக்கில் இந்தப் பேச்சை ஏன் அந்நியமாக உணராமல் பிடித்துக்கொண்டேன் என்பதற்கு விடை கிடைத்தது. நம் பெரியவர்களிடம் நேரே 'செய்' என்று சொல்லாமல் சுற்றி வந்து சொல்லப் பழகிய நாக்கு இது.

அதனால்தான் தமிழ்நாட்டிலிருந்து இந்த ஊர்களுக்கு வரவிருக்கும் இளம் டாக்டர்களுக்கு ஒன்று சொல்ல நினைக்கிறேன். உடலுறுப்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் கிளினிக்கில் உள்ளூர் உதவியாளர்கள் நோயாளிகளிடம் பேசும்போது பக்கத்தில் நின்று கேளுங்கள். உங்கள் ஸ்பானியத்தை வெளியார் ஒருவரிடம் தேர்வு எழுதிச் சோதித்துக்கொள்ளுங்கள். அதில் தேறும்வரை, எவ்வளவு நேரமானாலும், பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள். மருந்தின் அளவைச் சொல்லும்போது மட்டும் எண்ணை எண்ணாகச் சொல்லி, நோயாளியின் வாயால் திரும்பக் கேட்ட பிறகே அறையை விட்டு அனுப்புங்கள்.